தினையா, பெல்லட்டா, வீட்டுத் தட்டா? தத்தெடுத்த கிளியின் தீனியும் இறகும்

மாற்றலாகி வேறு ஊருக்குப் போகிறவர் கொடுத்துவிட்டுப் போன காக்டெயில் கிளி. கூண்டோடு ஒரு டப்பா தினையும் வந்து சேர்ந்திருக்கிறது. பறவை சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இறகில் பளபளப்பு இல்லை, வால் நுனி பிய்ந்து கிடக்கிறது. கடைக்காரரைக் கேட்டால் "தினை போதும் சார், இத்தனை வருஷமா இதைத்தான் விக்கிறேன்" என்கிறார். யூடியூபைத் திறந்தால் தினை போடுகிறவர்களைக் கொலைகாரர் ரேஞ்சுக்குத் திட்டிவிட்டு, பெல்லட் என்ற உருண்டைத் தீனியை வாங்கச் சொல்கிறார்கள். மாடி வீட்டு அம்மாவோ "எங்க கிளிக்குப் பருப்பு சாதம்தான், பதினஞ்சு வருஷம் இருந்துச்சு" என்கிறார்.

புதிதாகக் கிளி வந்த வீடுகளில் இந்தக் குழப்பம் வராத வீடு அரிது. எது சத்தான தீனி என்று மட்டும் பார்த்தால் பதில் சுலபம். உங்கள் பறவை எதைச் சாப்பிடும், உங்கள் வீட்டில் எது தினமும் தவறாமல் நடக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் பதில் மாறுகிறது.

எந்தக் கிளி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காக்டெயில், கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் பட்ஜீஸ், சன் கன்யூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற வெளிநாட்டுப் பறவைகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு. நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடிபட்ட பச்சைக்கிளி கைக்குக் கிடைத்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள், கூண்டு வாங்காதீர்கள். சன் கன்யூரும் சாம்பல் கிளியும் வீட்டுக்கு வந்தால் 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கை மாறுவதையும் அதில் தெரிவிக்க வேண்டும். காக்டெயிலுக்கும் பட்ஜீஸுக்கும் அந்தத் தொல்லை இல்லை.

## இறகு காட்டுவது பழைய கணக்கு

தீனியை ஒப்பிடுவதற்கு முன் இது தெரிந்திருந்தால் பாதிப் பதற்றம் குறையும். வளர்ந்து முடிந்த இறகுக்கு உயிரில்லை. நம் நகம் மாதிரி, கெரட்டின் என்ற புரதம். இறகின் எடையில் ஏறக்குறைய 90 சதவீதம் புரதம்தான். கிழிந்த இறகு தானாக ஆறாது. மங்கின இறகுக்கு நாளைக்கே பளபளப்பு வராது. பழையது உதிர்ந்து புதியது முளைக்கும்போதுதான் மாற்றம் தெரியும். பெரும்பாலான கிளிகளுக்கு அது வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை. பட்ஜீஸ் மட்டும் வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துக்கொண்டே இருக்கும்.

ஆக, இன்று உங்கள் கண்ணில் படுகிற இறகு போன வீட்டில் போட்ட தீனியின் கணக்கு. நீங்கள் இன்றைக்குப் போடுவதன் பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். "ஒரு மாசமா பெல்லட் போடுறேன், இறகு அப்படியேதான் இருக்கு" என்று தீனியை மாற்றிக்கொண்டே போகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

கூண்டின் அடியில் விழுந்து கிடக்கும் வால் இறகு ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். குறுக்கே மெல்லிய கோடுகள், சவரக்கத்தியால் கீறினது போல, தெரிகிறதா? அந்த இடத்தில் இழைகள் சரியாக உருவாகவில்லை. அந்த இறகு வளர்ந்துகொண்டிருந்த நாட்களில் பறவை பட்டினி கிடந்திருக்கலாம், காய்ச்சலில் இருந்திருக்கலாம், பயந்து நடுங்கியிருக்கலாம். குஞ்சுப் பருவத்தில் எல்லா இறகும் ஒரே சமயத்தில் வளர்வதால், இளம் பறவையின் வாலில் கோடுகள் ஒரே மட்டத்தில் வரிசையாக இருந்தால் அது அப்போது பட்ட ஒரு கஷ்டம். அடுத்த உதிர்ப்பில் போய்விடும். புதிதாக முளைக்கிற இறகிலும் கோடு வந்தால்தான் இப்போது ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

## எதை வைத்து அளப்பது

ஒரு தீனியை நான் ஐந்து விஷயங்களை வைத்துப் பார்ப்பேன். பறவை அதை இப்போதே உணவு என்று அடையாளம் கண்டு சாப்பிடுமா? இதுதான் முதல். சாப்பிடாத சத்துணவால் ஒரு பயனும் இல்லை. இரண்டாவது, இறகுக்கு வேண்டியவை அதில் இருக்கின்றனவா: நல்ல புரதம் (குறிப்பாகக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்களும் லைசினும்), வைட்டமின் ஏ, கால்சியம். மூன்றாவது, நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் எவ்வளவு நேரம் கெடாமல் இருக்கும். நான்காவது, தினமும் யார் செய்வது, ஊருக்குப் போனால் யார் பார்ப்பது. ஐந்தாவதுதான் காசு. அதிலும் பாக்கெட் விலையை மட்டும் பார்க்காமல், வீணாவதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

## தினையும் விதைக் கலவையும்

சந்தைக்கடையோ செல்லப்பிராணிக் கடையோ, எங்கே போனாலும் கிடைக்கும். தினை, சாமை, கம்பு, கொஞ்சம் நெல், ஓட்ஸ், பெரிய பறவைகளுக்கென்று சூரியகாந்தி விதை. விலை குறைவு, வாரக்கணக்கில் கெடாது, தத்து வந்த பறவைக்குப் பெரும்பாலும் ஏற்கெனவே பழக்கமானது. காக்டெயிலும் பட்ஜீஸும் ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் புல்விதை பொறுக்கித் தின்று வாழ்பவை. விதை அவற்றுக்கு அந்நியமான உணவே இல்லை. தினையை விஷம் என்று பேசுவது மிகை.

ஆனால் தினை மட்டும் என்றால் சிக்கல்தான். 100 கிராம் தினையில் கால்சியம் 31 மில்லிகிராம், பாஸ்பரஸ் 290. கிளிக்குக் கால்சியம் அதிகமாகவும் பாஸ்பரஸ் குறைவாகவும் இருக்க வேண்டும். இங்கே கணக்கு அப்படியே தலைகீழ். வைட்டமின் ஏ கிட்டத்தட்ட இல்லை. அது குறையும்போது தோல், மூக்கு, வாயின் உட்பகுதி எல்லாம் தடித்துச் சொரசொரப்பாகும். இறகு மங்கும், அடிக்கடி தும்மல் வரும், சளிக் கோளாறு ஒட்டிக்கொள்ளும். லைசினும் குறைவு என்பதால், புரதம் இருந்தும் இறகு கட்டப் போதாமல் போகும்.

சூரியகாந்தி விதை தனிக்கதை. பருப்பில் பாதி கொழுப்பு. கிண்ணத்தில் கலவையைப் போட்டால் பறவை முதலில் சூரியகாந்தியை மட்டும் பொறுக்கி முடிக்கும், தினையைத் தள்ளிவிடும். பாக்கெட்டில் எத்தனை வகை விதை எழுதியிருந்தாலும் பறவை தின்னுவது இரண்டு வகைதான். கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் காக்டெயிலுக்குச் சூரியகாந்தியைத் தினத் தீனியாகப் போட்டால் ஈரல் கொழுப்பில் போய் முடியும். கையில் பழக்குவதற்கு ஒன்றிரண்டு விதை கொடுங்கள், போதும்.

இதில் மறைந்திருக்கும் செலவு உமி. கிளி விதையை உடைத்துப் பருப்பை எடுத்துக்கொண்டு, உமியைக் கிண்ணத்திலேயே போடும். மேலே பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும். ஊதிப் பாருங்கள்: உமி எல்லாம் பறந்து, அடியில் ஒரு ஸ்பூன் தினைகூட மிஞ்சாது. புதிதாக வளர்ப்பவர்கள் வீட்டில் பறவை பட்டினி கிடப்பது பெரும்பாலும் இப்படித்தான், நிறைந்த கிண்ணத்தின் முன்னால். காலையும் மாலையும் ஊதிவிட்டு மேலே புதுத்தினை போடுவது ஒரு வேலை; அப்புறம் வீடு முழுக்க உமி கூட்டுவது இன்னொரு வேலை.

தினையில் வண்டு வரும், நூலாம்படை போலப் பூச்சிக் கூடு கட்டும். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, முகர்ந்து பார்த்து, மக்கின வாசனை இருந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். நிலக்கடலைக்கு இது இன்னும் பொருந்தும். பூஞ்சை பிடித்த கடலையில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு பறவையின் ஈரலைக் கெடுத்துவிடும். கடலை போடாமலே இருப்பது உத்தமம்.

## பெல்லட்

தானியம், சோயா, வைட்டமின், தாது எல்லாவற்றையும் அரைத்து ஒரே மாதிரி உருண்டையாக்கியது. பொறுக்கித் தின்ன வழியில்லை; ஒவ்வொரு கொத்திலும் எல்லாச் சத்தும் வரும். ஸூப்ரீம், வெர்செல்-லாகா போன்ற வெளிநாட்டு வகைகள் இங்கேயும் கிடைக்கின்றன. சத்துக் கணக்கில் மட்டும் பார்த்தால் தினையைவிடப் பல படி மேல். வைட்டமின் ஏ, கால்சியம், லைசின், மெத்தியோனின் எல்லாம் அளந்து சேர்க்கப்பட்டவை. ஒழுங்காகப் பெல்லட் தின்னும் பறவைக்கு அடுத்த உதிர்ப்பில் வரும் இறகு வித்தியாசமாகத்தான் இருக்கும்.

விலை தினையைப் போலப் பல மடங்கு. உமி விரயம் இல்லை என்பதால் அந்த வித்தியாசம் கொஞ்சம் குறைகிறது, ஆனால் புதுப்பறவை முதல் சில வாரங்கள் கீழே தள்ளுவதே அதிகம். பெரிய மூட்டையைப் பிரித்துப் பிளாஸ்டிக் கவரில் கட்டி விற்கும் சில்லறைப் பெல்லட் வேண்டாம் என்பேன். எப்போது பிரித்தது, எந்தத் தேதி வரை நல்லது, எதுவும் தெரியாது. காற்றிலும் வெளிச்சத்திலும் வைட்டமின் போய்விடும். மூடின பாக்கெட்டாக வாங்குங்கள், பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள், ஒன்றிரண்டு மாதத்தில் தீர்ந்துபோகும் அளவே வாங்குங்கள். கலர் கலரான வகையைவிடக் கலரில்லாததே எனக்குப் பிடிக்கும். சாயம் போட்டதைத் தின்றால் எச்சத்தின் நிறமும் மாறும். எச்சத்தைப் பார்த்துத்தான் பறவையின் உடல்நிலையை நாம் தெரிந்துகொள்கிறோம், அதையே கெடுத்துக்கொள்வானேன்?

இன்னொரு செலவு வெளியே தெரியாது: மாற்றுகிற காலத்தின் ஆபத்து. தினையிலேயே வளர்ந்த காக்டெயிலுக்குக் கல்லும் பெல்லட்டும் ஒன்றுதான். பசித்தால் தின்னும் என்று தினையை நிறுத்திவிட்டால், தின்னாமலே சாகும். நாய், பூனை போலச் சில நாள் தாங்காது. சிறிய பறவை ஒன்றிரண்டு நாள் முழுப்பட்டினியிலேயே ஆபத்தான நிலைக்குப் போய்விடும்.

இனத்துக்கு இனம் கணக்கு மாறும் என்பதும் உண்டு. சாம்பல் கிளிக்கு இரத்தத்தில் கால்சியம் குறைந்து வலிப்பு வருவது பறவை மருத்துவர்கள் நன்றாக அறிந்த கோளாறு. அந்தக் கிளிக்கு விதை மட்டும் என்பது பெரிய தப்பு, பெல்லட்டுக்கு என் ஓட்டு. பட்ஜீஸ், காக்டெயில் போன்ற சிறிய வறண்ட நிலப் பறவைகளுக்கு நூறு சதவீதம் பெல்லட் சிறுநீரகத்துக்கு நல்லதல்ல என்று எச்சரிக்கும் மருத்துவர்கள் உண்டு. அவற்றுக்குப் பாதி போதும்.

## வீட்டுத் தட்டு: கீரை, காய், முளைப்பயிறு

மாடி வீட்டு அம்மாவின் பருப்பு சாதம் இந்தக் கட்சி. சாதத்தை நான் சேர்க்க மாட்டேன். உப்பும் மாவும்தான் மிஞ்சும். ஆனால் நம் சமையலறையில் கிளிக்கு வேண்டியதில் முக்கால்வாசி ஏற்கெனவே இருக்கிறது என்பது உண்மை.

முருங்கைக்கீரையில் 100 கிராமுக்குக் கால்சியம் 300 மில்லிகிராமுக்கு மேல். வைட்டமின் ஏ-வாக மாறும் பீட்டா கரோட்டினும் நிறைய. பெரும்பாலான கிளிகளுக்கு ஒரு கொத்தை அப்படியே கூண்டுக் கம்பியில் செருகினால் போதும், உருவித் தின்பதே ஒரு விளையாட்டு. கொத்தமல்லி, கேரட், மஞ்சள் பூசணி, குடைமிளகாய் எல்லாம் நல்லவை. மிளகாய்க் காரம் பறவைக்கு உறைக்காது. சிவந்த பழ மிளகாயை விதையோடு தின்னும். வேலியில் பழுத்துச் சிவந்த கோவைப்பழம் கிடைத்தால் அதைவிட விருந்து இல்லை. பாலக், சிறுகீரை வகைகளில் கால்சியம் இருந்தாலும், கூடவே இருக்கும் ஆக்சலேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தினமும் அதையே போட வேண்டாம். சர்க்கரைவள்ளிக்கிழங்கில் கரோட்டின் என்று படித்துவிட்டு வாங்குகிறவர்கள் வெட்டிப் பாருங்கள்: நம் சந்தையில் வருவது பெரும்பாலும் உள்ளே வெள்ளை. கரோட்டின் உள்ளது ஆரஞ்சு நிறக் கிழங்கில்.

தானியத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கேழ்வரகு. 100 கிராமில் கால்சியம் 344 மில்லிகிராம், பாஸ்பரஸைவிட அதிகம். தினையின் குறையைச் சரிக்கட்ட இதைவிட மலிவான வழி இல்லை. முளைகட்டினால் கால்சியம் உடலில் சேர்வதும் கூடும். பச்சைப்பயறு முளை லைசின் குறையை நிரப்பும். ராஜ்மா போன்ற பெரிய பயறுகளைப் பச்சையாகவோ முளைகட்டியோ போடவே கூடாது, நன்றாக வெந்தால்தான் அதிலுள்ள நச்சு போகும். இறகு உதிர்க்கும் வாரங்களில் வெந்த முட்டை ஒரு துணுக்கு, வாரம் இரண்டு தடவை. இறகுக்கு வேண்டிய கந்தக அமினோ அமிலங்கள் அதில் உண்டு.

இதன் மறைந்த செலவு நேரமும் சுத்தமும். சித்திரை வெயிலில் ஈரமான முளைப்பயிறு மதியத்துக்குள் பிசுபிசுக்கும், புளித்த வாடை வரும். காலையில் வைத்தால் இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். முளைகட்டும்போது ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை அலச வேண்டும். வேலைக்குப் போகிற வீட்டில் இது முதல் பத்து நாள் நடக்கும், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடக்கும். முழுக்க வீட்டுத் தட்டிலேயே கிளியை வளர்ப்பது நடக்காத காரியம் இல்லை. ஆனால் சத்துக் கணக்கு தெரிந்து, தினமும் தவறாமல் செய்கிறவர்களுக்குத்தான் அது. பப்பாளியும் ஆப்பிளும் நறுக்கி வைப்பதோடு நிற்கிறவர்கள், தினை போடுகிறவரைவிட மோசமான சாப்பாட்டைத்தான் தருகிறார்கள்: தண்ணீரும் சர்க்கரையும்.

கையைக் கட்டிப்போட வேண்டிய பட்டியலும் உண்டு: அவகாடோ, சாக்லேட், காபி, டீ, வெங்காயம், பூண்டு, உப்பு போட்ட தின்பண்டம், ஆப்பிள் விதை. பாலும் வேண்டாம், கிளிக்குச் செரிக்காது.

## மூன்றையும் கலந்தால்

பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது இதுதான். காக்டெயில் என்றால் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தினைக் கலவை, மூன்றில் ஒரு பங்கு பெல்லட், மிச்சம் கீரையும் முளையும். பெல்லட் வாங்க முடியாதா? தினை, கேழ்வரகு முளை, தினம் ஒரு கீரை, கூண்டில் கால்சியத்துக்காக ஒரு கடல் நுரை (கணவாய் மீனின் ஓடு). இதுவும் மோசமில்லை. கலப்பில் உள்ள சங்கடம் ஒன்றுதான்: பறவை தனக்குப் பிடித்ததை மட்டும் தின்றுவிட்டு மற்றதைத் தொடாமல் விடும். அதனால் ஒரே கிண்ணத்தில் கலக்காமல் வேளையாகப் பிரியுங்கள். விடிந்ததும் பசி அதிகம். அப்போது கீரையும் முளையும். பிறகு பெல்லட். மாலையில் அளந்த தினை.

| | தினைக் கலவை மட்டும் | பெல்லட் மட்டும் | வீட்டுத் தட்டு மட்டும் | கலப்பு |
|---|---|---|---|---|
| புதுப்பறவை உடனே தின்னுமா | பெரும்பாலும் | பெரும்பாலும் இல்லை | பாதிப் பறவைகள் பயப்படும் | தினை இருப்பதால் ஆபத்தில்லை |
| வைட்டமின் ஏ, கால்சியம் | மிகக் குறைவு | அளவாக உண்டு | தேர்ந்தெடுத்தால் நிறைய | போதும் |
| இறகுக்குப் புரதம் | அரைகுறை | நன்று | பயறும் முட்டையும் இருந்தால் நன்று | நன்று |
| வெயில், புழுக்கம் | வண்டு வரும், கெடுவது மெதுவாக | பிரித்தால் வைட்டமின் போகும் | இரண்டு மணி நேரம் | காலைத் தட்டை மட்டும் கவனிக்க வேண்டும் |
| தினசரி வேலை | உமி ஊதுவது, கூட்டுவது | மிகக் குறைவு | அதிகம் | நடுத்தரம் |
| மறைந்த செலவு | பின்னால் வரும் மருத்துவச் செலவு | மாற்றும்போது பட்டினி | நேரம், சுத்தம் | வேளை தவறாத ஒழுங்கு |

## இறகுக்கென்று விற்கிற மற்றவை

தண்ணீரில் கலக்கும் வைட்டமின் சொட்டு பலர் வாங்கும் முதல் பொருள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வெளிச்சத்தில் சில மணி நேரத்தில் சத்து போய்விடும், தண்ணீரில் கிருமி பெருகும், வாசனை பிடிக்காமல் பறவை தண்ணீர் குடிப்பதையே குறைக்கும். எவ்வளவு உள்ளே போனது என்றும் தெரியாது. பெல்லட் தின்னும் பறவைக்குச் சொட்டையும் சேர்த்தால் வைட்டமின் ஏ-யும் டி-யும் அளவு மீறி, சிறுநீரகம் வரை கெடும். கீரையிலிருந்து வரும் கரோட்டினில் அந்தப் பயம் இல்லை. உடல் தனக்கு வேண்டிய அளவுதான் வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும்.

நிறம் கூட்டும் தீனி என்று விற்பதையும் கிளிக்கு வாங்க வேண்டாம். கேனரி போன்ற பறவைகளின் இறகுக்குத்தான் உணவிலுள்ள கரோட்டின் நிறம் தரும். கிளியின் மஞ்சளும் சிவப்பும் சிட்டகோஃபுல்வின் என்ற நிறமிகளிலிருந்து வருபவை. அவற்றைக் கிளி தன் உடலிலேயே செய்துகொள்கிறது. கேரட்டால் கிளிக்கு ஆரோக்கியம் வரும், சாயம் ஏறாது.

காசில்லாமல் கிடைக்கும் இரண்டு விஷயங்கள்தான் இறகுக்கு உண்மையில் உதவுகின்றன. ஒன்று குளியல். வாரம் மூன்று நான்கு நாள், காலை வேளையில், வெறும் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் மெல்லிய தூறலாகத் தெளியுங்கள், அல்லது தட்டையான தட்டில் தண்ணீர் வையுங்கள். காக்டெயில் தன் மேலேயே வெள்ளைப் பொடி உதிர்க்கும் பறவை. குளிக்காவிட்டால் அந்தப் பொடி இறகிலும் உங்கள் மூக்கிலும்தான் சேரும். ஏ.சி. அறையில் இருக்கும் பறவைக்குக் குளியல் இன்னும் அவசியம். தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய் எதுவும் இறகில் படக்கூடாது. எண்ணெய் பட்ட இறகு ஒட்டிக்கொண்டு, உடல் சூட்டைக் காக்கும் வேலையை நிறுத்திவிடும்.

இன்னொன்று வெயில். கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி வேண்டும், அதற்குப் புற ஊதாக் கதிர் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சத்தில் அது கிட்டத்தட்ட இருக்காது. பால்கனியில் காலை இளவெயிலில், கூண்டில் பாதி நிழலில் இருக்கும்படி, கொஞ்ச நேரம் வையுங்கள். காக்கையும் பூனையும் வராமல் பக்கத்திலேயே இருங்கள்.

## தீனியை மாற்றியும் தீராதவை

எல்லா இறகுக் கோளாறுக்கும் தீனி காரணமில்லை. கழுத்துக்குக் கீழே சொட்டையாகி, தலை இறகு மட்டும் முழுசாக இருந்தால் பறவை தானே பிடுங்கிக்கொள்கிறது. தன் தலையைத் தன் அலகால் தொட முடியாதே. தனிமை, சலிப்பு, தூக்கக் குறைவு, தோல் அரிப்பு எதுவும் காரணமாக இருக்கலாம். தலையிலும் சொட்டை என்றால் கூண்டில் உள்ள இன்னொரு பறவையின் வேலை, அல்லது நோய். லுட்டினோ என்கிற வெள்ளை-மஞ்சள் காக்டெயிலுக்குக் கொண்டைக்குப் பின்னால் சொட்டை இருப்பது மட்டும் பரம்பரை; அதற்கு எந்தத் தீனியும் மருந்தில்லை, கவலையும் வேண்டாம்.

முளைக்கும் இறகுகள் முறுக்கிக்கொண்டு, அடியில் சுருங்கி, உறையை விட்டு வெளிவராமலே விழுந்தால் கிளிகளுக்கு வரும் அலகு-இறகு நோயாக இருக்கலாம். அது வைரஸ், பரவும். பட்ஜீஸின் அலகைச் சுற்றித் தேன்கூடு போலத் தடித்திருந்தால் செதில் பூச்சி. மருந்துக்குச் சீக்கிரம் அடங்கும். பச்சை இறகு கருத்துவந்தால் ஈரலைப் பார்க்க வேண்டும். இவற்றுக்குப் பறவை பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். வீட்டில் வேறு பறவை இருந்தால் தத்து வந்ததை ஒரு மாதமாவது தனி அறையில் வைப்பது நல்லது.

## யார் எதைத் தேர்ந்தெடுக்கலாம்

வந்து இரண்டு வாரம்கூட ஆகாத பறவைக்கு: பழைய வீட்டில் போட்ட அதே தீனி, அதே கிண்ணம். இறகு எவ்வளவு மோசமாக இருந்தாலும் சரி. புது இடத்தின் பயமே போதும், சாப்பாட்டையும் மாற்றி இரண்டாவது பயத்தைக் கொடுக்க வேண்டாம். கீரைக் கொத்து ஒன்றை மட்டும் கம்பியில் செருகி வையுங்கள், தின்றால் லாபம்.

இருவரும் வேலைக்குப் போகிற வீட்டுக்குக் கலப்பில் பெல்லட் பங்கைக் கூட்டியதுதான் ஒத்துவரும். பெரியவர்கள் வீட்டில் இருக்கிற, தினமும் கீரை ஆய்கிற வீட்டில் பெல்லட்டைக் குறைத்து வீட்டுத் தட்டைக் கூட்டலாம். ஆயும்போது ஒரு கொத்தைத் தனியே எடுத்து வைப்பது பெரிய வேலை இல்லை. சாம்பல் கிளிக்குப் பெல்லட் பிரதானம். சன் கன்யூர் காட்டில் பழமும் காயும் தின்னும் பறவை, அதற்குத் தினை மிகக் குறைவு, பெல்லட்டும் காயும் அதிகம். வயதான, தினையைத் தவிர எதையும் தொடாத காக்டெயில் என்றால் போராட வேண்டாம். தினையோடு கேழ்வரகு முளையைக் கலந்து, மேலே பெல்லட் தூள் தூவி, கடல் நுரை வைத்து நிம்மதியாக இருங்கள்.

பணம் குறைவு என்றால் முதலில் எதை விடலாம்? சொட்டு மருந்தை, கலர் தீனியை, வண்ண வண்ண மினரல் உருண்டையை. எதை விடக்கூடாது? கீரையை. அப்புறம் கிராம் காட்டும் சமையலறைத் தராசை.

அந்தத் தராசு இல்லாமல் தீனி மாற்றத்தில் இறங்க வேண்டாம். காக்டெயில் 80 முதல் 120 கிராம் வரை இருக்கும், பட்ஜீஸ் 30 முதல் 40. தினமும் காலையில் தீனி வைக்கும் முன் நிறுத்து எழுதுங்கள். தொடங்கிய எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மாற்றத்தை நிறுத்திப் பழைய தீனிக்குத் திரும்புங்கள். எச்சமும் துப்புக் கொடுக்கும்: எண்ணிக்கை குறைந்து, கரும்பச்சையாகச் சிறுத்து விழுந்தால் பறவை சாப்பிடவில்லை, கிண்ணத்தைக் கொத்தி விளையாடுகிறது. முதல் வாரம் ஈரக் கீரைமேல் பெல்லட் தூள், அடுத்த வாரம் காலையில் ஒரு மணி நேரம் தனிக்கிண்ணத்தில் பெல்லட், பிறகு தினையைக் கொஞ்சம் கொஞ்சமாக அளந்து குறைப்பது. சில பறவைகளுக்கு ஒரு மாதம், சிலவற்றுக்கு அரை வருஷம்.

பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்தால், முளைப்பயிறு பற்றி எதுவும் சொல்லாதீர்கள். அந்த நாட்களுக்குத் தினையும் பெல்லட்டும் போதும். "கிண்ணத்தை ஊதிட்டு மேல போடுங்க, தண்ணி தினம் மாத்துங்க" என்ற இரண்டை மட்டும் சொல்லி, ஒரு தடவை ஊதியும் காட்டிவிட்டுப் போங்கள்.